இருபது கிலோவும் பத்து ஆண்டும்

குற்றவாளி என்று முடிவு சொன்ன பிறகு, தண்டனையை அறிவிப்பதற்கு முன்னால், நீதிபதி கூண்டில் நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்பார்: தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா? கேட்டே ஆக வேண்டும் என்கிறது சட்டம். திருட்டு வழக்கிலும் அடிதடி வழக்கிலும் அந்தப் பதிலுக்கு மதிப்பு உண்டு. வயதான தாய், கைக்குழந்தை, இதுதான் முதல் வழக்கு, உடம்புக்கு முடியவில்லை என்று எதைச் சொன்னாலும் நீதிபதி அதை மனதில் வாங்கித் தண்டனையைக் குறைக்கலாம். போதைப்பொருள் வழக்கு அப்படி இல்லை. பிடிபட்ட சரக்கு சட்டம் சொல்லும் 'வணிக அளவை'த் தாண்டிவிட்டால், என்ன பதில் சொன்னாலும் தண்டனை பத்து ஆண்டுக்குக் கீழே இறங்காது. இறக்க வேண்டும் என்று நீதிபதியே நினைத்தாலும் முடியாது.

மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டி ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் இது: "ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குங்கய்யா. வண்டிக்கு டியூ பாக்கி இருக்கு. வேற ஒண்ணும் சொல்லத் தெரியலைங்க."

நீதிபதி அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு பத்து ஆண்டு கடுங்காவல், ஒரு லட்ச ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் ஆறு மாதம் என்று வாசித்தார். குரலில் கோபம் இல்லை. ஆண்டும் அபராதமும் சட்டத்தில் இருக்கும் ஆகக் குறைந்த அளவுகள். அதற்கும் கீழே கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை.

அந்த ஆட்டோக்காரருக்காக ஆஜரானவள் நான். மயிலாப்பூரில் லஸ் பக்கம் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்திருக்கிறேன். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் போதைப்பொருள் சிறப்பு நீதிமன்றங்களில்தான் என் வேலையில் பெரும் பகுதி. அவர் பெயரையோ குடும்பத்தின் அடையாளத்தையோ எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இரவு சவாரி. இரண்டு இளைஞர்கள், இரண்டு பெரிய டிராவல் பேக். சென்ட்ரலிலிருந்து தி.நகருக்கு. முந்நூறு ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஆயிரத்து ஐந்நூறு தருகிறோம் என்றார்கள். வழியில் போலீஸ் மறித்தது. ஒருவன் இறங்கி ஓடிவிட்டான். மற்றவனும் ஆட்டோக்காரரும் மாட்டிக்கொண்டார்கள். பையில் இருபத்திரண்டு கிலோ சொச்சம் கஞ்சா. சரக்கை அனுப்பியவன் யார், வாங்க இருந்தவன் யார் என்று வழக்கு முடியும் வரை தெரியவில்லை.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றபோது அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். இத்தனை வருடம் சென்னையில் வண்டி ஓட்டியவருக்கு வராமல் இருக்காது. டியூ தேதி நெருங்கிக்கொண்டிருந்ததால் கேட்காமல் விட்டிருப்பார். அதற்குத் தண்டனையே வேண்டாம் என்று நான் எந்த நீதிமன்றத்திலும் வாதாட மாட்டேன். ஆனால் பத்து ஆண்டா? சரக்கின் சொந்தக்காரன் பிடிபட்டிருந்தாலும் அவனுக்கும் இதே பத்தில்தான் கணக்கு தொடங்கும்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் இந்தப் பத்தின் கனம் புரியும். 1930-ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனையே மூன்று ஆண்டுதான். மறுபடி செய்தால் நான்கு. 1961-இல் ஐ.நா. ஒப்பந்தம் வந்தது, மேலை நாடுகளிலிருந்து நெருக்கடியும் வந்தது. 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், மூன்று என்ற உச்சவரம்பைத் தூக்கிவிட்டுப் பெரும்பாலான குற்றங்களுக்குப் பத்து என்ற கீழ்வரம்பை வைத்தது. சொந்த உபயோகத்துக்கான சிறிதளவைத் தவிர, கையில் இருந்தது எவ்வளவு என்றுகூட அப்போது பெரும்பாலும் பார்க்கவில்லை. கொஞ்சம் ஹெராயின் வைத்திருந்தவனும் மூட்டை மூட்டையாகக் கடத்தியவனும் ஒரே வரிசையில் நின்றார்கள். 1989-இல் இன்னும் இறுக்கினார்கள். ஜாமீனுக்குத் தடை, தண்டனைக் குறைப்புக்குத் தடை, சில குற்றங்களை மறுமுறை செய்தால் கட்டாய மரண தண்டனை. அந்தக் கட்டாயம் செல்லாது என்று 2011-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. 2014-இல் நாடாளுமன்றம் மரண தண்டனையை நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டது.

பயன்படுத்துபவனையும் விற்பவனையும் ஒரே தட்டில் வைத்தது தவறு என்று 2001-இல் அரசாங்கமே ஒப்புக்கொண்டு, சிறிய அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு என்று மூன்றாகப் பிரித்தது. கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை சிறிய அளவு. இன்றைய சட்டப்படி ஓராண்டு வரை. அதிலிருந்து இருபது கிலோ வரை இடைப்பட்டது. பத்து ஆண்டு வரை, எவ்வளவு என்பது நீதிபதியின் கையில். இருபது கிலோவைத் தாண்டினால் பத்திலிருந்து இருபது ஆண்டு வரை. ஹெராயினுக்கு வணிக அளவு 250 கிராம், கொக்கைனுக்கு 100 கிராம், மெத்தம்பெட்டமினுக்கு 50 கிராம்.

நல்ல திருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் இருபது கிலோ வரை கூரையாக இருந்த பத்து ஆண்டு, அதற்கு மேல் ஒரு பிடி கூடினால் தரையாகிவிடுகிறது. பத்தொன்பதரைக் கிலோவுடன் பிடிபட்டவருக்கு அவர் யார், என்ன செய்தார் என்று பார்த்து மூன்று ஆண்டு கொடுக்கலாம். இருபதரைக் கிலோவுடன் பிடிபட்டவரைப் பற்றிப் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை.

அந்த எடை எப்படி வருகிறது? சட்டத்தின்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனியோடு சேர்ந்து வராத தனி இலையும் விதையும் அதில் சேராது. ஆனால் மூட்டைக்குள் நுனி, இலை, விதை, தண்டு எல்லாம் சேர்த்து அழுத்திக் கட்டப்பட்டிருக்கும். எலக்ட்ரானிக் தராசில் அப்படியே ஏறும். கைப்பற்றியதை எழுதிவைக்கும் மகஜரில் அந்த எண்தான் பதிவாகும். மாதிரி எடுத்து ஆய்வுக்குப் போகும். எங்கள் மயிலாப்பூரிலேயே, காமராஜர் சாலையில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது தடய அறிவியல் துறை. 1849-இல் மதராஸில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் அலுவலகத்தின் வாரிசு அது. ஆய்வறிக்கை இது கஞ்சாதான் என்று சொல்லும். மூட்டையில் எவ்வளவு நுனி, எவ்வளவு தண்டு என்பது வழக்காடும்போது எழும் கேள்வி. அந்த இரண்டு கிலோவில்தான் ஒரு மனிதரின் பத்து ஆண்டு இருக்கிறது என்பதால், குறுக்கு விசாரணையில் நான் அதிக நேரம் நிற்பது எடை போட்ட இடத்தில்தான்.

கலப்படச் சரக்கில் இன்னும் சிக்கல். 2008-இல் மைக்கேல் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கலவையில் உண்மையான போதைப்பொருள் எவ்வளவோ அதை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. நாலு கிலோ பொடிக்குள் ஹெராயின் 60 கிராம்தான் இருந்தது. அடுத்த ஆண்டே மத்திய அரசு, மொத்தக் கலவையையும் எடை போட வேண்டும் என்று அறிவிக்கை வெளியிட்டது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பை மாற்றி, மொத்தக் கலவை என்பதே சரி என்றது. எல்.எஸ்.டி. ஸ்டாம்ப் வாங்கும் கல்லூரிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எல்.எஸ்.டி.க்கு வணிக அளவு வெறும் 0.1 கிராம். மருந்து ஊறிய காகிதத்தையும் சேர்த்து நிறுக்க வேண்டுமா கூடாதா என்று உயர் நீதிமன்றங்களில் வாதம் நடந்திருக்கிறது. காகிதத்தோடு நிறுத்தால் சில துண்டுகளிலேயே அந்த அளவு வந்துவிடும். அடையாறில் நல்ல வேலையில் இருக்கும் ஒரு தம்பதி இந்த அட்டவணையை என் மேஜையில் வைத்துத்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். அந்த அம்மா கேட்டார்: "கஞ்சாவுக்கு இருபது கிலோ, இதுக்குப் புள்ளி ஒண்ணு கிராமா? என் பையன் வியாபாரி இல்லையே மேடம்." வியாபாரியா என்று பார்க்கும் சட்டமாக இருந்தால் அவர்கள் என்னிடம் வந்திருக்கவே வேண்டாம்.

எடைக்கு அடுத்தது மனசு. 'எனக்குத் தெரியாது' என்பதை ஆட்டோக்காரர் எப்படி நிரூபிப்பார்? சாதாரணக் குற்ற வழக்கில் நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. இங்கே சரக்கு கையில் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும், தெரிந்துதான் வைத்திருந்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். தெரியாது என்பவர், அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் மெய்ப்பிக்க வேண்டும். பையைத் திறந்து பார்க்கவில்லை என்பதற்கு யாரைச் சாட்சி கொண்டுவருவது?

சென்னையில் பிறந்து நாடு முழுக்கச் சட்டமான வழக்கு ஒன்று இருக்கிறது: தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு. 2004 அக்டோபரில் சென்னையில் ஒரு காரில் ஹெராயின் பிடிபட்டது. காரில் இருந்தவர்களில் ஒருவர் தூஃபான் சிங். விசாரணை அதிகாரி எழுதி வாங்கிய வாக்குமூலமே அவருக்கு எதிராக நின்ற முக்கிய ஆதாரம். பத்து ஆண்டு விதிக்கப்பட்டது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தை எட்டி, அந்த வாக்குமூலம் செல்லுமா என்ற கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்ட 2013-இல், அவர் ஒன்பது ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்து முடித்திருந்தார். அதனால் எஞ்சிய தண்டனையை நிறுத்திவைத்தார்கள். அப்படி அதிகாரிகள் வாங்கும் வாக்குமூலத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது என்ற தீர்ப்பு வந்தது 2020 அக்டோபர் 29-இல். கைதாகிப் பதினாறு ஆண்டுகள் கழித்து! இன்று எத்தனையோ பேருக்கு அந்தத் தீர்ப்பு கை கொடுக்கிறது. நானே அதைச் சொல்லி வாதாடுகிறேன். ஒவ்வொரு முறையும் அந்த மனிதரின் ஒன்பது ஆண்டு நினைவுக்கு வரும்.

பத்து ஆண்டு என்பது தீர்ப்பு நாளில் தொடங்குவதும் இல்லை. வணிக அளவு என்று எஃப்.ஐ.ஆரில் எழுதிய அன்றே அதன் நிழல் விழுந்துவிடும். 37-ஆம் பிரிவின்படி, இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்பவும், ஜாமீனில் இருக்கும்போது எந்தக் குற்றமும் செய்யமாட்டார் என்று நம்பவும் நியாயமான காரணம் இருந்தால்தான் ஜாமீன். சாட்சி விசாரணையே தொடங்காதபோது குற்றமற்றவர் என்று எந்த நீதிபதி எழுதுவார்? போதாததற்குத் தமிழ்நாட்டில் குண்டாஸ் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் அந்தத் தடுப்புக் காவல் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளிகளும் அடக்கம். அதில் போட்டால் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம்.

உச்ச நீதிமன்றம் இதைக் கவனிக்காமல் இல்லை. பத்து ஆண்டுக் குற்றத்துக்கு ஐந்து ஆண்டு விசாரணைக் கைதியாகவே கழித்தவர்களை ஜாமீனில் விடச் சொல்லி 1994-லேயே உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் முகமது முஸ்லிம் வழக்கில், இருபத்து மூன்று வயதில் கைதாகி ஏழு ஆண்டுக்கு மேல் தீர்ப்பில்லாமல் கிடந்தவருக்கு ஜாமீன் கொடுத்தது. விசாரணை இழுத்துக்கொண்டே போனால் அதைக் காரணமாக வைத்து ஜாமீன் கொடுக்க 37-ஆம் பிரிவு தடையாகாது என்றது. ஏழையைச் சிறையில் போட்டால் அவர் வருமானம் அன்றோடு நிற்கும், குடும்பம் சிதறும் என்பதையும் அந்தத் தீர்ப்பு எழுதியிருக்கிறது. அதை எழுதிய நீதியரசர்களுக்கு நான் மனதார நன்றி சொல்வேன். ஆனால் அந்தத் தீர்ப்பைக் காட்டி மனு போடவும் ஒரு வழக்கறிஞர் வேண்டும், அதற்கும் முன்னால் வருடங்கள் ஓட வேண்டும்.

குடும்பம் சிதறுவது எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆட்டோக்காரரின் மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைத்தவர். போலீஸ் வந்து போன மறு மாதமே வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். அட்வான்ஸில் பாதி வாடகை பாக்கிக்குப் போனது. பெரும்பாக்கம் குடியிருப்பில் தன் அம்மா வீட்டுக்குப் பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தார். மிஷினைப் போட அங்கே இடம் இல்லை, விற்றுவிட்டார். இப்போது அடையாறு காந்தி நகரில் இரண்டு வீட்டில் சமையல்.

ஆட்டோ வழக்குச் சொத்தாகி, வெயிலிலும் மழையிலும் நின்றது. சரக்கு ஏற்றிய வண்டி பறிமுதலுக்கு உரியது. தெரியாமல் நடந்தது என்று உரிமையாளர் காட்டினால்தான் மீளும். உரிமையாளர்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாரே! வண்டி ஓடாத மாதங்களுக்கும் ஃபைனான்ஸில் டியூ கேட்டார்கள். தாலிச் சங்கிலி அதற்குப் போனது. இப்போது மஞ்சள் கயிறு.

ஆட்டோக்காரரின் மனைவி என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் காட்டினார். பெரிய மகளின் பழைய கணக்கு நோட்டு. முன் பாதியில் பின்னக் கணக்கு, பின் பாதியில் அம்மாவின் எழுத்து. 'வாய்தா - ஆட்டோ 80, டீ 20.' 'ஜெராக்ஸ் 45.' 'மனு - கேன்டீனுக்குக் கட்டுனது 500.' 'மனு - போகல, சின்னவளுக்கு ஜுரம்.' மனு என்பது சிறையில் போய்ப் பார்ப்பது. பெரும்பாக்கம் நகரத்தின் தென்கோடி, புழல் வடகோடி. பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்துகள் 2021-இல் வந்த பிறகுதான் மாதம் தவறாமல் போக முடிகிறது என்றார். அதற்கு முன்னால் பஸ் காசா கேன்டீன் காசா என்று யோசித்து, காசைக் கட்டிவிட்டுத் தான் போகாமலே இருந்த மாதங்கள் நோட்டில் இருக்கின்றன. சமையல் வீடுகளில் அந்த ஒரு நாளைக்குச் சம்பளம் பிடிப்பார்கள். எங்கே போகிறார் என்று அங்கே சொல்ல முடியாது. கோயிலுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறார்.

கைதானபோது பெரியவள் நான்காம் வகுப்பு. பத்து ஆண்டு முழுதாகக் கழிந்தால், அப்பா வெளியே வரும்போது அவள் கல்லூரிப் படிப்பில் இருக்க வேண்டும். கைதானபோது சின்னவளுக்கு மூன்று வயது. ஒவ்வொரு ஜூனிலும் பள்ளிக்கூடத்துப் படிவத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் பெரியவள் 'ஆட்டோ ஓட்டுநர்' என்றே நிரப்புகிறாள். "அது பொய்யில்ல வக்கீலம்மா?" என்று அம்மா என்னைக் கேட்டார். பொய் இல்லை என்றேன். வேறென்ன சொல்வது, அவர் ஆட்டோ ஓட்டுநர்தானே.

ஒரு செப்டம்பரில் அவர் மனைவி போன் செய்தார். "அண்ணா பொறந்த நாளுக்கு நல்ல மாதிரி இருக்கறவங்கள விடுறாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்காம். இவரு உள்ள தோட்ட வேலையெல்லாம் பாக்குறாரு, ஒரு புகாரும் இல்ல. பேர் சேக்கச் சொல்லுங்களேன்." 32ஏ பிரிவை அவருக்கு எப்படி விளக்குவது? இந்தச் சட்டத்தின் கீழ், சொந்த உபயோகக் குற்றம் தவிர, கொடுத்த தண்டனையில் கழிவு கிடையாது. கொலைக் குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவருக்குப் பதினான்கு ஆண்டு கழித்து ஒரு கதவு இருக்கிறது. மற்ற வழக்குக் கைதிகளுக்கு நன்னடத்தைக்காக நாட்கள் கழியும். பை ஏற்றிய ஆட்டோக்காரருக்குப் பத்து என்றால் பத்து. அவர் உள்ளே எப்படி நடந்துகொள்கிறார் என்பதுகூடச் சட்டத்துக்குத் தேவையில்லை. "சரிம்மா, விடுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்கும்போது இதைப் பேசினால் எனக்கு ஆதரவு குறைவு. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், நான் மாமா என்று அழைப்பவர், ஒரு நாள் கோபமாகவே சொன்னார்: "ஸ்கூல் வாசல்ல பொட்டலம் விக்கறான்மா. என் அண்ணன் பேரன் படிப்பை விட்டுட்டு உட்கார்ந்திருக்கான். பத்து வருஷம் என்ன, இருபது போடணும்." அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறை கஞ்சா வேட்டை தொடங்கியதும், 2022 ஆகஸ்டில் போதைப்பொருள் இல்லாத தமிழ்நாடு என்று அரசு இயக்கம் நடத்தியதும் அந்தக் கோபத்தின் நியாயத்தை உணர்ந்துதான். அந்தப் பையனை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது.

ஆனால் மாமா, பள்ளி வாசலில் பொட்டலம் விற்பவனிடம் இருப்பது பெரும்பாலும் சிறிய அளவு. அவனைப் பத்து ஆண்டு தொடவே தொடாது. மலையில் பயிரிட்டு, பணம் போட்டு, ரயிலேற்றி அனுப்புபவன் சரக்கின் பக்கத்தில் நிற்கமாட்டான். பத்து ஆண்டு விழுவது நடுவில் சுமப்பவர்கள் மேல். அவர்களில் ஒருவரை உள்ளே போட்டால் அந்த இடத்துக்கு, டியூ கட்ட முடியாத இன்னொருவர் வருகிறார். 'ஆமாம், ஏற்றினேன், யார் கொடுத்தார்கள் என்று சொல்கிறேன், தண்டனையைக் குறையுங்கள்' என்று பேரம் பேசி ஒப்புக்கொள்ளவும் வழியில்லை. ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு அந்த வசதி கிடையாது. தண்டனை இவ்வளவு கடுமை என்பதால் சோதனை, முத்திரை, மாதிரி எடுத்தல் என ஒவ்வொரு படியிலும் நீதிமன்றம் நூல் பிடித்தாற்போல் விதி பார்க்கிறது. பார்க்கவும் வேண்டும். அதில் ஓட்டை கண்டுபிடிக்கும் வழக்கறிஞரை அமர்த்தப் பெரிய வியாபாரிக்கு வசதி இருக்கிறது. அவன் வெளியே வந்துவிடுகிறான். இந்தக் கடுமை அண்ணன் பேரனைக் காப்பாற்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

தமிழர்கள் இந்தக் கடுமையை வெளிநாட்டு மண்ணில் பார்த்தபோது சட்டென்று புரிந்துகொண்டார்கள். 2014 அக்டோபர் 30 அன்று ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் ஐந்து பேருக்கு ஹெராயின் கடத்தியதாகக் கொழும்பில் தூக்கு விதித்தபோது ஊரே கொதித்தது. அடுத்த மாதமே இலங்கை ஜனாதிபதி மன்னித்து அனுப்பினார். சிங்கப்பூரில் 42 கிராம் சொச்சம் ஹெராயினுக்காக நாகேந்திரன் தர்மலிங்கத்தை 2022 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். சரக்கைத் தொடவே இல்லை என்று சொன்ன தங்கராஜு சுப்பையாவை, ஒரு கிலோ கஞ்சா கடத்தலுக்கு உடந்தை என்று மறு ஆண்டு தூக்கிலிட்டார்கள். அதற்காக இங்கே கண்ணீர் விட்டவர்கள் உண்டு. மலேசியாவோ 2023-இல் கட்டாய மரண தண்டனையை ஒழித்து, முடிவை நீதிபதிகளிடம் திருப்பிக் கொடுத்தது. நம் நாட்டில் முதல் குற்றத்துக்குத் தூக்கு இல்லை, பத்து ஆண்டுதான். ஆனால் ஆளைப் பார்க்காமல் எடையைப் பார்ப்பது இரண்டிலும் ஒன்றே.

உச்ச நீதிமன்றத்துக்கே இந்தப் பத்து ஆண்டு வரம்பு உண்டு. 2022-இல் சத்தீஸ்கரைச் சேர்ந்த, எழுதப் படிக்கத் தெரியாத வயதான ஒரு பெண்மணியின் நிலையைப் பார்த்து இரங்கி, பதினைந்து ஆண்டைப் பன்னிரண்டாகக் குறைத்தது. இன்னும் எவ்வளவு இரங்கியிருந்தாலும் பத்தோடு நின்றிருக்க வேண்டியதுதான்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. அதிகபட்சம் இருபது ஆண்டு அப்படியே இருக்கட்டும், கூட்டத்தின் தலைவனுக்கு அதைக் கொடுக்கட்டும். சுமந்தவர், ஓட்டியவர், கணவன் கொண்டுவந்து வைத்ததற்காக மாட்டிய மனைவி என்று வரும்போது, காரணத்தை எழுதிவைத்துப் பத்துக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அனுமதி வேண்டும். 32ஏ போக வேண்டும். 2001-இல் அளவைப் பிரித்த நாடாளுமன்றத்தால் இதையும் செய்ய முடியும்.

அது வரும்வரை, இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்படி ஒரு கைது வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ நேர்ந்தால், முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. காவலில் இருப்பவர் எவருக்கும், வருமானம் எதுவானாலும், இலவச வழக்கறிஞர் பெற உரிமை இருக்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மகஜரின் நகலை வாங்கி எடையைப் பாருங்கள். சாக்கோடு நிறுத்தார்களா, தனியாகவா என்று வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை போதைக்கு அடிமையாகி, சிறிய அளவோடு பிடிபட்டிருந்தால், சிகிச்சைக்குச் சம்மதித்து வழக்கிலிருந்து விடுபட 64ஏ பிரிவு இடம் தருகிறது. வணிக அளவு என்றால் நீதிமன்றம் முதன்முதலாகக் காவலுக்கு அனுப்பிய (ரிமாண்ட்) தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப் போலீசுக்கு 180 நாள் அவகாசம். அரசு வழக்கறிஞர் காரணம் காட்டி நீதிமன்றத்தில் நீட்டிப்பு வாங்காமல் அந்த நாள் கடந்தால், 37-ஆம் பிரிவின் தடை இல்லாமல் ஜாமீன் உரிமையாகிறது. குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்குள் கேட்டால்தான் அந்த உரிமை நிற்கும். ஆகவே மனுவை முன்கூட்டியே தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி வைத்திருந்து, அந்த நாள் முடிந்த மறுநாள் காலை நீதிமன்றம் கூடியதும் முதல் வேலையாகத் தாக்கல் செய்துவிட வேண்டும்.